ஏரிக்கரையில் ஒரு பகல்

சென்ற தை மாதத்து மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையன்று நம் சங்கத்து அங்கத்தினர்களும் அவர்தம் குடும்பத்தாருமாக 118 பேர், பொழுது புலருமுன்னரே நம் ஊர்ப் பெரிய ஏரியின் மதகடியில் கூடினோம். தறிகளுக்கு அன்று விடுமுறை. சம்பா அறுவடை நெருங்கிவிட்ட வேளையாயினும், கழனி வைத்திருப்பவர்களில் பலர் அரை நாளேனும் ஒதுக்கி வந்திருந்தனர். பட்டுவாடாவுக்கோ உர மூட்டைக்கோ கூடிய கூட்டமன்று அது. நம் ஊரைச் சுற்றி நம்மோடு வாழ்கின்ற பறவையையும் பாம்பையும் பூச்சியையும் ஒரு நாள் முழுவதும் நின்று பார்ப்பது என்னும் ஒரே நோக்கத்துடன் கூடிய கூட்டம்.

இதற்கான பஸ் கட்டணமும் மதிய உணவுச் செலவும் பொது நன்மை நிதியிலிருந்து எடுக்கப்பட்டன. "கொக்கையும் குருவியையும் பார்ப்பதற்குச் சங்கத்துப் பணமா?" என்று நிர்வாகக் கமிட்டியில் ஒரு பெரியவர் கேட்டார். அவர் ஐம்பது ஆண்டுகள் குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்தவர். காசின் அருமை அறிந்தவர். அவர் கேள்வி நியாயமானதே. அதற்குக் காரியதரிசி சொன்ன பதிலைத்தான் நாம் முதலில் அங்கத்தினர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஏரியின் வடபுறத்துத் தண்ணீரில் நிற்கும் கருவேல மரங்களை ஏலத்தில் விடலாமா என்று ஊராட்சி மன்றத்தார் நம் சங்கத்தின் கருத்தைக் கேட்டிருக்கிறார்கள். ஆயக்கட்டு விவசாயிகளில் பெரும்பாலோர் நம் அங்கத்தினர்களே ஆதலால் இப்படிக் கேட்டார்கள். ஏலத் தொகை வந்தால் கீழ்மதகைப் பழுதுபார்க்கலாம். அம்மதகு மூன்றாண்டுகளாக ஒழுகுகிறது. கடைமடைக் கழனிகளுக்கு மாசி மாதத்திலேயே தண்ணீர் நின்று போகிறது. ஆகவே மரத்தை வெட்டச் சொல்பவர்கள் பேராசையினால் சொல்லவில்லை. மறுபுறம், சில ஆண்டுகளாக அம்மரங்களில் வக்காவும் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து வருகின்றன. அவை இருப்பதால் நமக்கு நன்மையா தீமையா என்று கேட்டால், மரத்தை வெட்டு என்பவர்களுக்கும் வெட்டாதே என்பவர்களுக்கும் சரியான விடை தெரியவில்லை. பார்க்காமல் வாக்களிப்பதைவிடப் பார்த்துவிட்டு வாக்களிப்பது நன்று என்று காரியதரிசி சொன்னார். பெரியவர் அதன் பின்னர் ஒன்றும் பேசவில்லை. ஞாயிறன்று முதல் ஆளாக மதகடிக்கு வந்து நின்றவர் அவரே.

நமக்கு வழிகாட்டியாக இருவர் வந்திருந்தனர். ஒருவர் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியின் விஞ்ஞான ஆசிரியர். மற்றவர் ஏரிக்குத் தெற்கே குடியிருக்கும் இருளர் குலத்துப் பெரியவர். பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் "தாத்தா". ஆசிரியரிடம் தூரதரிசினி இருந்தது. தாத்தாவிடம் ஒரு கடப்பாரைதான் இருந்தது. யார் முதலில் பறவையைக் கண்டார் என்று கேட்டால், பெரும்பாலும் கடப்பாரைக்காரர்தான்.

விடியற்காலையில் ஏரிக்குக் காவல் மாறுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இரவெல்லாம் வயலில் இரை தேடிய வக்காக்கள் "குவாக், குவாக்" என்று கத்திக்கொண்டு மரங்களுக்குத் திரும்பின. அதே நேரத்தில் உண்ணிக்கொக்குகள் வெண்கோடு போட்டாற்போல் வயலை நோக்கிப் புறப்பட்டன. மதகின் வாயில், சேற்று நிறத்தில், இருப்பதே தெரியாமல் ஒரு மடையான் நின்றது. மடையைக் காத்து நிற்பதால் அதற்கு அப்பெயர் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அது பறந்தபோதுதான் இறகின் வெண்மை பளிச்சென்று தெரிந்தது. இறங்கியதும் மீண்டும் மண்ணாகிவிட்டது. நீர்க்காகம் ஒன்று பட்ட கிளையில் அமர்ந்து ஈர வேட்டியை உலர்த்துவது போல் இரு சிறகுகளையும் விரித்து வைத்திருந்தது. பாம்புத்தாராவோ உடலை முழுவதும் நீரில் மறைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டி நீந்திற்று. பெயர் வைத்தவர் கண்ணுடையவர்.

பெயர்களைப் பற்றி அன்று சிறிது சச்சரவும் நடந்தது. ஒரே பறவைக்கு மேலத்தெருவில் ஒரு பெயர், கீழத்தெருவில் ஒரு பெயர். ஆசிரியர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் பறவை ஆர்வலர் நடத்தும் கணக்கெடுப்புக்கு அடுத்த ஆண்டு நம் ஊர்ப் பட்டியலையும் அனுப்பலாம் என்றார்.

ஏரிக் கரையிலிருந்து இறங்கி, கிணற்றோரத்து ஈச்ச மரத்தடிக்கு வந்தோம். அங்கே நெசவாளர்கள் நின்றவர்கள் நின்றவர்களே. அவர்களை அங்கிருந்து கிளப்ப அரை மணிக்கு மேலாயிற்று. மரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் இருபதுக்குக் குறையாமல் தொங்கின. பருவம் முடிந்துவிட்டதால் குருவிகள் இல்லை. கீழே விழுந்து கிடந்த கூடு ஒன்றை எடுத்து ஆளுக்கு ஆள் கை மாற்றிப் பார்த்தார்கள்.

இக்கூட்டை நெய்வது ஆண் குருவி. நெல்லின் தாளிலோ கரும்பு, பனை ஓலையிலோ ஓரத்தில் அலகால் ஒரு வெட்டு வெட்டி, அப்படியே பறந்தால் நார் நீளமாகக் கிழிந்து வருகிறது. அந்த நாரைக் கொண்டு முதலில் கிளையில் ஒரு முடிச்சு, பிறகு ஒரு வளையம், வளையத்திலிருந்து மேற்கூரை. இப்படிப் பாதிக்கூடு, கவிழ்த்த குல்லாய் போல் ஆனவுடன் ஆண் குருவி நெசவை நிறுத்திவிட்டுச் சிறகடித்துக் கத்துகிறது. பெண் குருவிகள் வந்து கூட்டுக்குள் நுழைந்து இழுத்துப் பார்க்கின்றன. பிடித்தால் ஒன்று தங்கும். அதன் பின்னர்தான் ஆண் குருவி முட்டை அறையையும் நீண்ட வாயிற் குழலையும் நெய்து முடிக்கும். பிடிக்காவிட்டால் பாதிக்கூடு அப்படியே நின்றுவிடும். அதனால்தான் ஒவ்வொரு மரத்திலும் முடியாத கூடுகள் பல தொங்குகின்றன. பெண் ஒன்று அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் அடுத்த கூட்டை நெய்து வேறொரு பெண்ணை அழைக்கப் போய்விடுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வாழ்க்கை முறையை முதன்முதலில் முழுமையாகக் கண்டறிந்து எழுதியவர் ஸலீம் அலி. 1930-இல் பம்பாய்க்குத் தெற்கே கிஹிம் என்ற கடற்கரைச் சிற்றூரில் பல மாதம் பொறுமையாகக் கண்காணித்து இதனை அவர் கண்டார். அதுகாறும் ஒவ்வொரு கூடும் ஓர் ஆண் பெண் இணையின் கூட்டு முயற்சி என்றே எண்ணியிருந்தார்கள்.

"சரக்கைப் பிரித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்று தள்ளுகிறவர்கள் பட்சி ஜாதியிலும் உண்டா?" என்று ஒரு நெசவாளர் கேட்க, எல்லாரும் சிரித்தோம். ஆனால் நம் ஐம்பதாண்டு அனுபவப் பெரியவர் சிரிக்கவில்லை. அவர் கூட்டின் கழுத்தை விரலால் விலக்கி இழை போகும் வழியைத் தேடிக்கொண்டிருந்தார். "இதிலே பாவும் இல்லை, ஊடையும் இல்லை. எல்லாம் கோத்துக் கோத்து இழுத்த முடிச்சு. அச்சு இல்லாமல், நாடா இல்லாமல், மூக்கால் செய்திருக்கிறது," என்று மட்டும் சொன்னார். கூட்டின் உட்புறத்தில் உலர்ந்த களிமண் ஒட்டியிருந்தது. அதில் மின்மினியைப் பதித்து விளக்கேற்றும் என்பது நம் கதை. ஆனால் காற்றில் கூடு ஆடாமலிருக்க அம்மண் கனமாக உதவுகிறது என்று ஆசிரியர் காரணம் கூறினார். கைவிடப்பட்ட கூடுகளில் தினைக்குருவிகள் பின்னர் குடியேறுவதுண்டு என்பதும் அன்று அறிந்த செய்தி.

கழனி வைத்திருப்பவர்கள் இந்த வியப்பில் அவ்வளவாகக் கலந்துகொள்ளவில்லை. தூக்கணாங்குருவி நெல்லையும் தின்னும், அது பொய்யன்று. ஆனால் குஞ்சுகளுக்கு அது ஊட்டுவது பெரும்பாலும் பூச்சி புழுக்களை என்பதும் உண்மை. இரண்டையும் கூட்டிக் கழித்து மிச்சம் எவ்வளவு என்று சொல்லும் கணக்கு யாரிடமும் அன்று இல்லை.

விவசாயிகளின் முகம் மலர்ந்த இடம் அடுத்ததுதான். ஏரிக்கரை அம்மன் கோயிலை ஒட்டிய பாழ்மண்டபத்தில் கூகை ஒன்று குடியிருக்கிறது. கூகை கத்தினால் சாவு என்று நம் வீட்டுப் பெண்கள் அஞ்சுவது வழக்கம். ஆதலால் சிலர் மண்டபத்துக்குள் வரத் தயங்கினர். ஆசிரியர் பறவையைத் தொந்தரவு செய்யாமல் தரையில் கிடந்த சாம்பல் நிற உருண்டைகளை மட்டும் பொறுக்கி வரச் சொன்னார். கூகை எலியை முழுதாக விழுங்குகிறது. செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாக்கி வாய்வழியே கக்கிவிடுகிறது. செய்தித்தாளை விரித்து, பிள்ளைகள் மூன்று உருண்டைகளைக் குச்சியால் பிரித்தார்கள். "தாத்தா, இது எந்த எலும்பு?" என்று கேட்ட கேள்விகளுக்கு முடிவே இல்லை. கடைசியில் எட்டுத் தலையோடுகள் வரிசையாக வைக்கப்பட்டன. ஏழு எலி, ஒன்று மூஞ்சூறு. மூன்று உருண்டை என்பது இரண்டொரு இரவின் வேலைதான்.

அறுவடைக்கு முன் எலி எவ்வளவு கதிரைக் கத்தரித்து வளையில் சேர்க்கும் என்பதைத் தாத்தா கடப்பாரையால் ஒரு வரப்பைத் திறந்து காட்டினார். வளையின் அடியில் இரண்டு படிக்கு மேல் நெற்கதிர் இருந்தது. இருளர்கள் அறுவடைக்குப் பின் இப்படி வளை தோண்டி நெல் எடுப்பது பழைய வழக்கம். நம் அங்கத்தினர் ஒருவர், இரண்டு போகமாகத் தம் கழனியில் எழுத்து ‘டி’ வடிவில் குச்சிகள் நட்டு வைத்திருப்பதாகவும், பகலில் கரிச்சான் அமர்ந்து பூச்சி பிடிப்பதாகவும், இரவில் ஆந்தை அமர்வதற்கு அடையாளமாகக் காலையில் எச்சம் தெரிவதாகவும் சொன்னார். கதிர் முற்றும்போது குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிடில் தானியம் தின்னும் பறவைக்கும் அதுவே ஆசனமாகிவிடும் என்று அவர் சேர்த்துச் சொன்னது கவனிக்கத்தக்கது. செலவு ஒன்றும் இல்லாத இக்காரியத்தைச் சங்கமே முன்னின்று செய்யலாம் என்பது நம் கருத்து.

வயலில் மருந்தடிப்பது பற்றியும் பேச்சு வந்தது. நெற்பயிரின் அடித்தண்டில் ஓடும் ஓநாய்ச் சிலந்தியை ஆசிரியர் காட்டினார். அது வலை பின்னுவதில்லை. ஓடிப் பிடித்துப் புகையானைத் தின்கிறது. அடிக்கடி கடுமையான மருந்தடித்தால் முதலில் சாவது இச்சிலந்தி. பிறகு புகையான் முன்னிலும் பெருகுகிறது. தவளையின் கதையும் அப்படியே. வெளிநாட்டார் உண்பதற்காகத் தவளைக் கால்களை நம் நாடு டன் கணக்கில் ஏற்றுமதி செய்து வந்தது. 1987-இல் அது தடை செய்யப்பட்டது. சாக்குப் பையுடன் இரவில் தவளை பிடிக்கப் போனதை நம்மில் வயது முதிர்ந்த ஓரிருவர் கூச்சத்துடன் நினைவுகூர்ந்தனர்.

இனித் தாத்தாவின் பாடம். கள்ளி வேலியில் சிக்கியிருந்த ஒரு பாம்புச் சட்டையை அவர் கிழியாமல் எடுத்து வரப்பில் நீட்டி வைத்தார். ஆறு முழத்துக்குக் குறையாது. "சாரை," என்றார். பெண்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். சட்டை உரியும்போது இழுபட்டு நீள்வதால் பாம்பு அதைவிடக் குட்டையாகவே இருக்கும் என்று சொல்லிவிட்டு, தலைப்பக்கத்தில் கண்ணிருந்த இடத்தைக் காட்டினார். பாம்புக்கு இமை இல்லை. கண்ணாடி போன்ற ஒரு மூடி உண்டு. சட்டையோடு அதுவும் கழன்று வருகிறது. பிள்ளைகள் வரிசையாக நின்று அந்தக் கண்மூடியின் வழியே வானத்தைப் பார்த்தனர்.

சாரைக்கு நஞ்சு இல்லை. எலிதான் அதன் முக்கிய உணவு. "சாரையும் நாகமும் பிணையும்" என்று நாம் சொல்லி வருவது தவறு என்றும், பின்னிக்கொண்டு எழுந்து நிற்பவை சண்டையிடும் இரண்டு ஆண் சாரைகளே என்றும் அவர் சொன்னபோது பலர் நம்பவில்லை. அப்படிப் பிணையும் பாம்புகளின் மேல் புதுத்துணி போட்டு எடுத்து வைத்தால் செல்வம் சேரும் என்ற நம்பிக்கையும் ஊரில் உண்டு. துணி விற்கும் சங்கத்தார் அந்த நம்பிக்கையை மட்டும் மறுக்க வேண்டாமே என்று காரியதரிசி சொன்னார்.

நம் பகுதியில் மனிதரைக் கொல்லத்தக்கவை என்று முக்கியமாக அறியவேண்டிய பாம்புகள் நான்கு: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இவை நான்கின் நஞ்சையும் எடுத்து, மருந்து செய்வோர்க்கு விற்பனை செய்யும் ஒரு கூட்டுறவுச் சங்கம் நம் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது. மாமல்லபுரத்துக்கு வடக்கே, வடநெம்மேலியில், முதலைப் பண்ணைக்குள் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கத்தைச் சொல்கிறோம். கூட்டுறவாளர் என்ற முறையில் அதன் வரலாறு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்துத் தோலை வியாபாரிகளுக்குக் கொடுத்து வந்தவர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதற்குச் சில ஆண்டுகளின் பின்னர் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அத்தொழிலை நிறுத்திவிட்டன. சட்டம் பாம்பைக் காத்தது; பாம்பு பிடித்தவர்களின் அடுப்போ அணைந்தது. அப்பொழுது ரோமுலஸ் விட்டேகர் முதலியோரின் துணையுடன் 1978-இல் இச்சங்கம் பதிவாயிற்று. பாம்பைக் கொன்று தோல் உரிப்பதற்குப் பதிலாக, உயிரோடு பிடித்து நஞ்சை மட்டும் எடுத்துவிட்டு மீண்டும் காட்டில் விடுவது என்பது திட்டம். வனத்துறையின் அனுமதி பெற்ற அளவுக்குத்தான் பாம்பு பிடிக்கலாம். பிடித்த பாம்பைப் பாதி மணல் நிரப்பிய மண்பானையில் துணியால் வாய் கட்டி வைக்கிறார்கள். மூன்று நான்கு வாரம் வைத்திருந்து, வாரத்துக்கு ஒரு முறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டி விட்டுவிடுகிறார்கள். விரைவில் அதே பாம்பு திரும்பப் பிடிபட்டால் அந்த அடையாளத்தைக் கண்டு அறிந்துகொள்ளலாம். உலர்த்திய நஞ்சு மருந்து நிலையங்களுக்குப் போகிறது. அங்கே சிறு சிறு அளவில் அது குதிரைக்குச் செலுத்தப்படுகிறது. குதிரையின் இரத்தத்தில் விளையும் எதிர்ப்புச் சக்தியே பாம்புக்கடிக்கு நாம் ஆஸ்பத்திரியில் பெறும் மருந்து. கழனியில் இரவு தண்ணீர் கட்டப் போகும் ஒவ்வொருவருக்கும் இச்சங்கத்தின் உழைப்பு தொடர்புடையது.

அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டனர். அங்கே அந்நிய நாட்டிலிருந்து வந்து பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க அந்நாட்டுச் சர்க்கார் திண்டாடிக்கொண்டிருந்தது. நம்மவர்கள் புல்லில் படிந்த தடம் பார்த்துப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. இதைச் சொல்லும்போது தாத்தாவின் குரல் சிறிது உயர்ந்தது. ஆனால் தம் பேரன் பாம்பு பிடிக்கப் பழகவில்லை, கட்டட வேலைக்குப் போகிறான் என்பதையும் அவர் அதே மூச்சில் சொன்னார். நம் தறிக்கூடங்களில் கேட்காத பேச்சா அது?

பகல் உணவு புளிச்சோறும் தயிர்ச்சோறும். உண்ணும்போதுதான் அன்றைய ஒரே சண்டை மூண்டது. காரணம் மயில். வேர்க்கடலை பயிரிடும் அங்கத்தினர் ஒருவர், மல்லாட்டைக் கொல்லையில் மயில்கள் கூட்டமாக இறங்கி விதையைக் கிளறித் தின்பதையும், விரட்டினால் பக்கத்துப் புதரில் ஒதுங்கிக்கொண்டு மீண்டும் வருவதையும் வயிறெரிந்து சொன்னார். மயில் 1963-இல் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டது. 1972 சட்டப்படி அதற்குத் தீங்கு செய்வது கடுங்குற்றம். முட்டையையும் குஞ்சையும் தின்னும் நரி குறைந்ததும், ஒதுங்குவதற்குச் சீமைக் கருவேல் புதர் பெருகியதும் மயில் பெருகக் காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். காரணம் எதுவாயினும் அவருக்கு அன்று யாராலும் பரிகாரம் சொல்ல இயலவில்லை. "உங்கள் முந்தியிலே ஜரிகையில் நிற்கிற மயில் எங்கள் கொல்லையில் தின்று கொழுத்ததுதான். விலையில் பாதி எங்களுக்குச் சேர வேண்டும்," என்று அவர் நெசவாளர்களைப் பார்த்துச் சொன்னார். மயிலும் அன்னமும் இருதலைப் பட்சியும் இன்றிக் காஞ்சிப் பட்டு ஏது? மயில்கண், குயில்கண் என்று கரைக்கே பெயர் வைத்துப் பிழைப்பவர்களுக்கு அதற்கு மறுமொழி கிடைக்கவில்லை. இவ்வழக்கை நாமும் தீர்க்காமல் விடுகிறோம்.

பிற்பகலில் இரண்டு பஸ்களில் வேடந்தாங்கலுக்குப் போனோம். பக்கத்திலேயே இருந்தும் நம்மில் பாதிப்பேர் அதைப் பார்த்ததில்லை. வேடனின் தாங்கல் என்பது ஊர்ப்பெயர். தாங்கல் என்றால் சிற்றேரி. வேடன் பெயர் தாங்கிய ஊரே வேட்டையை விலக்கிய ஊராக ஆனது விசித்திரம். ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். நம் ஏரியைவிடச் சிறியது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்களென்றும், ஊரார் திரண்டு கலெக்டரிடம் முறையிட்டார்களென்றும் வரலாறு சொல்கிறார்கள். அப்போது செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், அப்பறவைகளைக் காக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என்று 1798-இல் எழுதிக் கொடுத்தார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் சரணாலயம் என்று அங்கீகாரம் கிடைத்தது. 2022-இல் வேடந்தாங்கலும் அதன் அண்டையிலுள்ள கரிக்கிலியும், ராம்சர் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

முதலில் இதைக் காத்தவர்கள் சட்டம் படித்தவர்களல்லர், ஆயக்கட்டு விவசாயிகள். அவர்கள் காத்ததற்குக் காரணம் கண்ணுக்கெதிரே இருந்தது. தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களும் கருவேல மரங்களும் எச்சத்தால் வெளுத்திருந்தன. அந்த எச்சம் தண்ணீரில் விழுகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்த அத்தண்ணீர் மதகு வழியே கழனிக்குப் பாய்கிறது. பறவை வந்த ஆண்டில் உரம் குறைவாகப் போதும் என்று அங்குள்ள விவசாயிகள் பல தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். நாம் கரையில் சந்தித்த ஒருவரும் அதையே சொன்னார். "எவ்வளவு குறைவு, அண்ணே?" என்று நம்மவர் விடாமல் கேட்டதற்கு, "அளந்தா பார்த்தோம்? தண்ணியைப் பார்த்தாலே தெரியும்," என்றார் அவர். நம் கமிட்டிக்கு இந்த விடை போதாது. ஆயினும் விடை சொன்னவர் கழனி பச்சையாகவே இருந்தது.

கூழைக்கடாக்கள் பெரிய மரங்களின் உச்சியில் கூடு கட்டியிருந்தன. குஞ்சு தாயின் வாய்ப்பைக்குள் தலையை முழுதும் நுழைத்து மீனை எடுத்துத் தின்றது. வர்ண நாரையின் பின்புறத்து இளஞ்சிவப்புச் சிறகைக் கண்டு, அந்நிறத்தில் பட்டுக்குச் சாயம் ஏற்றினால் வியாபாரி எடுப்பாரா என்ற விவாதம் நெசவாளர்களிடையே பிறந்தது. நத்தைகுத்தி நாரையின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி தெரிகிறது. குஞ்சுக்கு அது இல்லை, வளர வளரத்தான் உண்டாகிறது. வயல் நத்தையை ஓட்டிலிருந்து பிரித்தெடுப்பதே அதன் பிழைப்பு. கரண்டிவாயன் கண்ணில் பட்டதும் பிள்ளைகள் கத்திய கத்தலில் காவலர் வந்து நம்மை அடக்கிவிட்டுப் போனார், நியாயமே.

நம்மில் எல்லாருமே பிழையாக நம்பி வந்த ஒன்றை அங்கே திருத்திக்கொண்டோம். கூடு கட்டும் பறவைகள் சைபீரியாவிலிருந்து குஞ்சு பொரிக்க வருகின்றன என்று நினைத்திருந்தோம். உண்மையில் கூடு கட்டுபவை எல்லாம் நம் நாட்டுப் பறவைகளே; மழையையும் நீரையும் தேடி ஊர் மாறி வருபவை. வட ஆசியாவிலிருந்து வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை பனிக்காலத்தில் இரை தேடி இங்கே தங்குகின்றனவே தவிர இங்கே முட்டையிடுவதில்லை. கோடையில் தம் ஊருக்குத் திரும்பிக் குடும்பம் நடத்துகின்றன. ஆகவே நம் ஏரி மரத்து வக்காவுக்குத் திரும்பிப் போகத் தனி நாடு எதுவும் கிடையாது. மரம் போனால் அடுத்த ஏரியைத் தேட வேண்டியதுதான்.

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், கூட்டிலுள்ள பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்ற செய்தியைத் திரும்பும் வழியில் ஆசிரியர் சொன்னார். நம் ஊர்ச் சிறுவர்கள் அதை அவ்வளவு உற்சாகமாகக் கேட்கவில்லை.

இனி மரங்களின் செய்தி. மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஆசிரியரும் எட்டாம் வகுப்பு மாணவ மாணவியரும் கரையிலிருந்தும் பரிசலிலிருந்தும் எண்ணினார்கள். வடபுறத்தில் தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்கள் 142. அவற்றில் கூடு உள்ளவை 37. அந்த 37-இல் பெரும்பாலானவை ஓரிடத்தில் கொத்தாக, கரையிலிருந்து தள்ளி நிற்கின்றன. கரையோரம் வேலி போல் மண்டியுள்ளது நாட்டுக் கருவேல் அன்று, சீமைக் கருவேல். அதில் ஒரு கூடும் இல்லை. ஊரில் இரண்டையும் ‘கருவேல்’ என்றே சொல்லி வந்ததால் இதுவரை பேச்சு குழம்பியிருந்தது.

இதை வைத்து நிர்வாகக் கமிட்டி ஒரு யோசனை தயாரித்திருக்கிறது. சீமைக் கருவேலை முழுவதும், கூடில்லாத நாட்டுக் கருவேலில் ஒரு பகுதியையும், குஞ்சுகள் பறந்து தண்ணீரும் வற்றிய பின்னர் ஏலத்தில் விடலாம். கொத்தாக நிற்கும் மரங்களையும் அவற்றைச் சுற்றிச் சிறிது இடத்தையும் தொடாமல் விடலாம் என்பது அது. இதற்கு ஆட்சேபம் இல்லாமலில்லை. நடுவில் மரம் நின்றால் அந்த இடத்தில் தூர் வாருவது கடினம் என்று கடைமடை விவசாயிகள் சொல்கிறார்கள். பொறுக்கியெடுத்த மரத்துக்கு ஏலதாரர் நல்ல விலை கேட்க மாட்டார் என்று பொருளாளர் அஞ்சுகிறார். அவர் கணக்குப்படி, இவ்வகையில் வரும் தொகை மதகுச் செலவில் பாதிக்கும் சற்றுக் குறைவு. எஞ்சியதற்கு ஆயக்கட்டுதாரர் ஏக்கருக்கு இவ்வளவு என்று வரி போட்டுக்கொள்ள ஒப்புவார்களா என்பதுதான் இப்பொழுதுள்ள கேள்வி. நெசவாளர் பகுதியிலிருந்தும் ஒரு தொகை தரலாம் என்று சொன்னவர், செலவு வீண் என்று முதலில் கேட்ட அதே பெரியவர். ஆனால் அவர் பகுதியினர் இதுவரை அதற்குச் சம்மதம் தெரிவிக்கவில்லை.

பொதுக்குழு பங்குனி மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்தில் கூடும். அன்று பகலுக்கு வர இயலாமற்போன அங்கத்தினர்கள், அதற்கு முந்திய ஞாயிறு விடியற்காலை ஐந்தரை மணிக்கு மதகடிக்கு வந்தால் ஆசிரியர் கூட்டிச் சென்று காட்டுவார். கூடுள்ள மரங்களுக்குச் சுண்ணாம்பால் வளையமிடப்பட்டிருக்கிறது. பரிசலில் ஒரு நேரத்தில் நால்வருக்குத்தான் இடம் உண்டு. வெள்ளை வேட்டி தவிர்த்து மங்கிய நிற ஆடையில் வருவது நலம்.